பார்சல் பாதை வழியாப் போங்க

— மன உளைச்சலுக்கு நாலாயிரத்து எழுநூறுன்னு போட்டிருக்கு. இது ஒரு நாளைக்கா தம்பி, மொத்தத்துக்கா?

— மொத்தத்துக்குத்தான் அக்கா. கடை இடம் மாறுறதால வர்ற உளைச்சலுக்கு ஒரே தடவை கொடுக்கிறது.

— அப்ப நான் ஒரே தடவைதான் உளையணும்.

— அக்கா, நான் எஞ்சினியர். பேப்பர்ல இருக்கிறதைச் சொல்றேன்.

— கோவிச்சுக்காதீங்க. என் கடை ஆறடிக்கு நாலடி. ஒரு சதுர அடிக்கு நூத்தித் தொண்ணூத்தஞ்சு சொச்சம் வருது. பெரிய கடைக்காரனுக்குப் பெரிய மனசு, ஜிப்பு தைக்கிறவளுக்குச் சின்ன மனசுன்னு அளந்திருக்காங்க. மனசை அளக்க டேப்பு எங்க விக்கிறான்னு மட்டும் சொல்லுங்க, நானும் ஒண்ணு வாங்கி வச்சுக்கிறேன்.

— தோராயமாப் போட்ட கணக்கு அது. நாலு மணிக்குள்ள உங்க கையெழுத்தோட பேப்பர் மேலிடத்துக்குப் போகணும். நாளைக்குக் காலையில இந்தத் தூணைச் சுத்தித் தகரம் அடிக்க ஆள் வந்துடும்.

— கையெழுத்தைக் கேட்க வந்தவர் அறுந்த பையையும் கொண்டாந்து என் மடியில வச்சுட்டீங்க. ஜிப்பு போடுறவ கடையைத் தூக்கப் போறோம், அதுக்கு முன்னாடி நம்ம ஜிப்பைப் போட்டுக்குவோம்னு.

— இல்லக்கா, வர்ற வழியிலதான் அறுந்தது. மொத்த பிளானும் உள்ள இருக்கு.

— அப்ப ஸ்டேஷன் பிளானே இப்ப என் மடியில. நல்லது. எனக்கு எங்க இடம் போட்டிருக்கீங்க?

— பதினாலாம் பிளாட்பாரம். நல்ல காத்து வரும்.

— காத்துல எவனுக்கும் ஜிப்பு அறுந்து நான் பார்த்ததில்லை. வண்டி கிளம்ப அஞ்சு நிமிஷம் இருக்கிறப்போ, இந்த நடுக்கூடத்துல ஓடுறப்போதான் அறுந்துபோகும். அவன் பெட்டியைத் தூக்கிட்டுப் பதினாலுக்கு வந்து சேர்றதுக்குள்ள துணியெல்லாம் வழிநெடுகக் கிடக்கும். இருபத்திரெண்டு வருஷம் தம்பி, இந்தத் தூணுக்குக் கீழ. இங்கேருந்து போனா எனக்குச் சோறு இல்லை, அதை நீங்க எந்தக் கட்டத்துல எழுதுவீங்க? … இருங்க, ஒருத்தர் நிக்கிறார். என்னங்க? கீழ மெட்ரோவுக்கா? இப்படியே இடது பக்கம் திரும்பி, பார்சல் பாதை வழியாப் போங்க. டீக்கடை வரும். அதைத் தாண்டினா படி. … ம், சொல்லுங்க தம்பி.

— பார்த்தீங்களா, நான் சொல்லவே வேண்டாம். எல்லாரும் மெட்ரோவுக்குத்தான் போறாங்க. மேல ரயில், கீழ மெட்ரோ, ரெண்டுக்கும் நடுவுல இந்த எலிப்பொந்துதான். அதை அகலப்படுத்தி, நகரும் படி வச்சு, வெளிச்சம் போட்டு, நேரா இந்தக் கூடத்துக்கே கொண்டு வரப்போறோம். புதுப் படி மேல வர்ற இடம் உங்க தூண்.

— படிக்கு வேற இடமே கிடைக்கலையா?

— டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு பழைய படி இருக்கு. அதைப் பெருசாக்கினா யாரோட கடையும் போகாது, ஒரு விளம்பரப் பலகைதான் போகும். ஆனா அந்த வழியா யாரும் போறதில்லையே.

— யார் சொன்னா?

— மெஷின். ரெண்டு வழியிலயும் தலை எண்ற மெஷின் மாட்டினோம். பார்சல் பாதையில ஒரு நாளைக்கு ஒன்பதாயிரத்து நானூறு பேர். டிக்கெட் பக்கப் படியில நூத்திப் பத்து. எங்க பெரிய அதிகாரி பார்த்துட்டு, ஜனங்க காலாலயே கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னார்.

— ஒன்பதாயிரமா?

— ஒன்பதாயிரத்து நானூறு.

— அந்த நம்பர் மாத்தி இருந்திருந்தா?

— படியும் மாறியிருக்கும், நீங்களும் இங்கயே இருந்திருப்பீங்க. அக்கா, ஏன் ஊசியைக் கீழ போட்டுட்டீங்க?

— கை வழுக்கிடுச்சு. மெஷின் தப்பா எண்ணாதா?

— நூத்துக்கு ஒண்ணு ரெண்டு. பொய் சொல்லாது.

— அது சரி. கேட்டாத்தானே பொய் சொல்றதுக்கு. … வாங்க டீக்காரரே. நல்ல நேரம் பார்த்து வர்றீங்க. தம்பி, இது என் வீட்டுக்காரரோட தம்பி. பார்சல் பாதைக் கோடியில டீக்கடை வச்சிருக்கார்.

— சும்மா சொல்லலை அண்ணி, இன்னைக்கு டீயில இஞ்சி நிறைய. இந்தாங்க சார், உங்களுக்குச் சர்க்கரை இல்லாம.

— இவரை உனக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன? நம்ம கடையில தினம் நிக்கிறவர்.

— அதான் அக்கா, அந்தப் பாதையில எவ்வளவு கூட்டம்னு மெஷின் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்லை.

— சார், என் மூலைக்கடை உறுதிதானே? புதுப் பாதையில, கண்ணாடி போட்டு, குழாய்த் தண்ணியோட?

— உங்களுக்கு எழுதியே கொடுத்தாச்சே. கூட்டம் நிக்கிற இடம்னு முதல் கடையே உங்களுக்குத்தான்.

— கேட்டுக்கிட்டீங்களா அண்ணி? முதல் கடை.

— கேட்டுச்சு. என் தலை மேல படி ஏறி வந்து நிக்கும், படிக்குக் கீழ நீ கண்ணாடிக்குள்ள நிப்பே.

— நான் என்ன பண்ணுவேன் அண்ணி, ஜனங்க அந்த வழியாத்தான் வர்றாங்க.

— ஆமா, ஜனங்க. தானா வர்றாங்க. பிறந்ததுலேருந்தே வழி தெரிஞ்ச ஜனங்க.

— அக்கா, நேரம் மூணரை. பை தயாராயிடுச்சுன்னா…

— மெழுகு தேய்க்கணும் தம்பி, பல்லு இறுகியிருக்கு. இருங்க, அந்தம்மா என்னமோ கேக்கிறாங்க. என்னம்மா? மெட்ரோவா?

— ஆமாம்மா, மெட்ரோவுக்கு எப்படிப் போறது?

— நீங்க மெழுகைத் தேயுங்க அண்ணி, நான் சொல்றேன். அம்மா, இடது பக்கம் திரும்பி…

— நீ சும்மா இரு. அம்மா, நேரா எதிர்ல பாருங்க. டிக்கெட் ஜன்னல். அதுக்குப் பின்னாடி விளம்பரப் பலகை மறைச்சுக்கிட்டு ஒரு இரும்புக் கதவு இருக்கும், தள்ளினாத் திறக்கும். இறங்கினா மெட்ரோ. ரெண்டே நிமிஷம்.

— அண்ணி.

— அக்கா, ரெண்டு நிமிஷமா?

— ரெண்டு.

— பார்சல் பாதையில ஒன்பது நிமிஷம் ஆகுதே.

— ஆகும்.

— அந்தப் படி சுத்திப் போகுதுன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தோம். இல்லேன்னா ஜனங்க ஏன்…

— பிளான் போட்டீங்களே, ஒரு தடவை இறங்கிப் பார்த்தீங்களா?

— வரைபடத்துல பார்த்தோம்.

— வரைபடத்துக்குக் காலு இல்லை தம்பி. உங்களுக்கு இருக்கு.

— இங்கயே இருங்க ரெண்டு பேரும். நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்.

— பை என்கிட்டதானே இருக்கு, நான் எங்க போவேன்?

— அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க. பதினோரு வருஷம் வாயைத் திறக்காம இருந்தோமே.

— நீ திறக்காம இருந்தே. நான்தான் தினம் திறந்தேன். வாய் வலிச்சது எனக்கு, கல்லா நிறைஞ்சது உனக்கு.

— நானா உங்களைச் சொல்லச் சொன்னேன்?

— உங்கண்ணன் சொன்னார். கூடத்துலேருந்து உன்னைத் துரத்தி அந்தக் கோடியில உக்கார வச்சப்போ, என் தம்பி கடையில ஈ கூட உட்காரலை, ஒரு பத்துப் பேரை அனுப்பி விடுன்னார். பத்துப் பேரைத்தான் அனுப்பினேன்.

— பத்து எப்படி அண்ணி ஒன்பதாயிரமாச்சு?

— எவன் போர்டு பார்த்து நடக்கிறான்? முன்னாடி போறவன் முதுகைப் பார்த்து நடக்கிறான். பத்து முதுகு போதும். அப்புறம் பழகிப்போச்சு, நாக்கு தானாச் சொல்லுது. எனக்கே அந்தப் படி இருக்கிறது மறந்துபோச்சுன்னு வச்சுக்கோயேன்.

— இன்னைக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?

— தூணைப் பிடுங்க வந்தா எல்லாம் ஞாபகம் வரும்.

— அப்ப என் கதி? அந்தப் படியைப் பெருசாக்கினாப் பார்சல் பாதையை மூடிடுவான். கண்ணாடிக்கடைன்னு பசங்ககிட்ட வேற சொல்லிட்டேன். பெரியவன் பேர்ப்பலகைக்கு எழுத்தெல்லாம் வரைஞ்சு வச்சிருக்கான்.

— மூஞ்சியைத் தொங்கப்போடாதே. உன்னை விட்டுட்டுப் பேசுவேனா? நீ எந்தப் படிக்குக் கீழ நின்னாலும் அந்தப் படிக்கு ஆளை அனுப்புறவ நான்தானே? நான் பதினாலாம் பிளாட்பாரத்துல காத்து வாங்கிட்டு உட்கார்ந்தா உன் கண்ணாடிக்கடைக்கு எவன் வருவான்?

— அதுக்குன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணி?

— சொல்லியிருந்தா நீ அழுதிருப்பே, நான் வாயை மூடியிருப்பேன். வர்றார் பாரு. டீயை நீட்டு, சூடா.

— ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு.

— தோராயமாவா?

— தோராயமா இல்லை. அந்தப் பத்து செகண்டு கதவு இறுகியிருந்ததால. வர்றப்போ ரெண்டே நிமிஷம். நல்ல அகலம், நல்ல உயரம். நீங்க அனுப்பின அந்தம்மாவைத் தவிர ஒருத்தரும் இல்லை. கீழ இறங்கினா மெட்ரோ பிளாட்பாரம் மூக்குக்கு நேரா இருக்கு.

— உக்காருங்க, மூச்சு வாங்குது.

— நாங்க எல்லாத்தையும் அளந்தோம் அக்கா. எத்தனை பேரு, என்ன வேகம், பெட்டி எத்தனை, தள்ளுவண்டி எத்தனை. ஏன் இப்படிப் போறீங்கன்னு ஒருத்தரைக் கூட நிறுத்திக் கேக்கலை.

— கேட்டிருந்தா, அந்த ஜிப்பக்கா சொல்லிச்சுன்னு சொல்லியிருப்பாங்க.

— ஒரு சுரங்கமே தோண்டியிருப்போம். உங்க வார்த்தையை நம்பி.

— இனிமே சரியா நடக்கும். ஒரு வாரம் பேப்பரை வச்சுக்கோங்க. எல்லாரையும் டிக்கெட் பக்கமா அனுப்புறேன். உங்க மெஷினை எண்ணச் சொல்லுங்க, அடுத்த வாரம் அதுவே வாயால சொல்லும்.

— சொல்லும்னுதான் பயமா இருக்கு. நான் மேல பேசறேன். அந்தக் கையெழுத்துப் பேப்பரைக் கொடுங்க, கிழிச்சுடலாம்.

— கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு. அந்தப் படிக்குக் கீழ எதாவது இடம் இருக்கா?

— எதுக்கு?

— எதுக்கா. உங்களுக்குத் தினம் சர்க்கரை இல்லாம டீ கொடுக்கிற மனுஷன் எங்க நிப்பார்?

— படிக்கட்டுக்கு அடியில முக்கோணமா ஒரு இடம் இருக்கு. உயரம்தான் போதாது.

— சார், நான் குனிஞ்சு நிப்பேன். சும்மா சொல்லலை, எனக்கு இடுப்பு நல்லா வளையும்.

— கண்ணாடியும் குழாய்த் தண்ணியும் சேர்த்து எழுதுங்க தம்பி. முன்னாடி சொன்னது அப்படியே. முக்கோணத்துக்குன்னு மூணுல ஒரு பங்கு குறைக்கக் கூடாது.

— எழுதறேன் அக்கா. எழுதறேன். நீங்க ஸ்டேஷன் மாஸ்டரா இருந்திருக்கணும்.

— எதுக்கு? அவர் சொன்னா எவன் கேக்கிறான்? இந்தாங்க உங்க பை. இழுத்துப் பாருங்க, வெண்ணெய் மாதிரி ஓடும். மன உளைச்சல் நாலாயிரத்து எழுநூறை நீங்களே வச்சுக்கோங்க, எனக்கு இப்ப உளைச்சல் இல்லை. ஜிப்புக்கு மட்டும் அறுபது.

— அறுபதா?

— சங்கடமா இருந்தா அம்பது கொடுங்க.

— இல்லக்கா, அறுபதே இருக்கட்டும். ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் அது வரும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, வேலையில சேர வந்த முதல் நாள், பெட்டியோட இதே தூணுகிட்ட நின்னு வழி கேட்டேன். நீங்க தலை கூடத் தூக்கலை. பார்சல் பாதை வழியாப் போங்கன்னீங்க. அன்னையிலேருந்து போறேன். அதனாலதான் அந்த ஒன்பதாயிரத்து நானூறைப் பார்த்தப்போ எனக்குச் சந்தேகமே வரலை. போக ஏழு நிமிஷம் அதிகம், வர ஏழு. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை, எழுபது மணி நேரம். ஆறு வருஷத்துக்கு நானூத்தி இருபது மணி நேரம். ராத்திரி பகல் சேர்த்துப் பதினேழரை நாள். அதுல இந்த அறுபதைக் கழிச்சுட்டு மீதியைச் சொல்லுங்க.