நுரைக்கூடு

இல்ல சார், அவரை எழுப்ப வேணாம். இப்பத்தான் கண்ணசந்தாரு. எங்கிட்டயே சொல்லுங்க, நான் ஹரிராமோட வீட்டுக்காரிதான், சீதாலட்சுமி. மொதப் பரிசா? அந்தத் தவளைப் படத்துக்கா? இருங்க, மொதல்ல உக்காருங்க. உங்க போட்டோ கிளப்புக்கு அனுப்பி எம்புட்டு நாளாச்சு, குப்பையில போட்டிருப்பாங்கன்னுல நெனச்சோம்.

தவளை எப்படிப் பழக்கமாச்சுன்னா, அதுவா வந்துச்சு சார். போன மழைக்கு பாத்ரூம் ஜன்னல் வழியா வந்து கண்ணாடிக்குப் பின்னாடி ஒட்டிக்கிருச்சு. நான் தேரைன்னு வெளக்கமாத்த எடுத்துட்டேன். அவரு உள்ளயிருந்து சத்தம் போட்டாரு, அடிச்சிராத, அது மரத்தவளையா இருக்கும், வெரல் நுனியப் பாருன்னு. பாத்தா வட்ட வட்டமா, பொட்டு வச்ச மாதிரி. பகல் பூராம் கையக் கால மடக்கிக்கிட்டு, சுண்ணாம்புக் கட்டி கணக்கா வெளுத்துப்போயி தூங்கும். சாயங்காலமானா பழுப்பா நெறம் மாறிக் கெளம்பிரும். விடியறதுக்குள்ள திரும்ப வந்துரும். இந்த வீட்ல நெனச்ச நேரத்துக்கு வெளிய போயிட்டு வாரது அது ஒண்ணுதான்.

கிட்டக்க எடுக்கத் தனி லென்ஸ் வேணும்ல, அதெல்லாம் எங்ககிட்ட ஏது. இருக்கிற லென்ஸையே கழட்டித் திருப்பி வச்சுப் பிடிச்சா, கொசுக் காலுகூடத் தெரியும். அவரு சொல்லிக் குடுத்த வித்தை. மொத ரோலு பூராம் புகை மாதிரி வந்துச்சு. அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவரு அப்படிச் சிரிச்சு நாளாச்சு. அதுக்காகவே இன்னொரு ரோலு வாங்கினேன்.

நீங்க கேக்குற படம் வீட்ல எடுத்ததில்ல. கீழக்குயில்குடி, மலையடிவாரத்துத் தாமரைக் குளம். மழை பேஞ்ச மறுநாள் விடியக்காலம். தண்ணிக்கு மேல சாஞ்ச கெளையில பொட்டைத் தவளை ஒக்காந்து, பின்னங்கால் ரெண்டையும் ஆட்டி ஆட்டி நுரை கடையுது, மோர் கடையிற மாதிரி. அந்த நுரைக்குள்ளதான் முட்டை. முதுகுல ஆண் தவளை சொகமா ஒக்காந்திருக்கு. கரையிலருந்து எடுத்தா முதுகுதான் விழுகும். மூஞ்சி வேணும்னா தண்ணிக்குள்ள எறங்கணும். அடியில ஒரே சகதி, காலு பொதையுது. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கேமராவக் கழுத்துல சுத்திக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில மூச்சு விடாம நின்னா...

ஆமா சார். சேலைன்னுதான் சொன்னேன்.

நாந்தேன் எடுத்தேன்.

பேரு அவரு பேரைப் போட்டேன். கல்யாணத்துல படம் எடுக்கணும்னா ஹரிராமக் கூப்பிடுங்கன்னு சொன்ன வாயெல்லாம் இப்ப அந்தப் பேரையே எடுக்கறதில்ல. எங்கயாச்சும் ஒரு எடத்துல அச்சுல வரட்டுமேன்னு தோணுச்சு. மேலூர்ல ஒரு கல்யாணம் சார். பந்தலை மேலருந்து எடுக்கறேன்னு மொட்டமாடி விளிம்புல நின்னாரு, விழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கெடையாது. அன்னைலருந்து அவரு கட்டில்ல, நான் இந்த வீட்டுக்குள்ள. இந்தப் படம் எடுத்த அன்னைக்கு ஒரு காலைப்பொழுது மட்டுந்தான் பக்கத்து வீட்டு சோலையம்மாள் வந்து அவருக்குத் தொணையா ஒக்காந்தாங்க. அவருதான் என்னைய வெரட்டுனாரு, மழை பேஞ்சிருக்கு, நுரைக்கூடு கட்டுற நேரம், கெளம்புன்னு. மொத பஸ்ல போனேன். ஜன்னலோரம் ஒக்காந்து வெளிய பாத்துக்கிட்டே இருந்தேன். சிரிப்பா வந்துச்சு, எதுக்குன்னு தெரியல.

பேரை மாத்திக்கலாமா? மாத்திருங்க சார். அவருகிட்டக் கேக்கவே வேணாம். ஓம் படத்துக்கு எம்பேரை எதுக்குப் போட்டன்னு அன்னைக்கே சண்டை போட்டாரு.

மேடைக்கு நானா?

வாரேன். இல்ல, வாரேன் சார், வரணும்னுதான் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, விழா எம்புட்டு நேரம் நடக்கும்? எனக்கு மொதல்லயே குடுத்து அனுப்பிருவீங்களா? அவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்கப் போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிரும். சோலையம்மாளுக்கு அவரைப் புரட்டத் தெம்பு கெடையாது.