இன்னும் ரெண்டு வருஷம்

மகள்: முப்பது பேர்னு சொல்லவா, நாப்பதுன்னு சொல்லவா? சமையல்காரர் மூணாவது தடவையா போன் பண்ணிட்டாரு.

அப்பா: ஒருத்தரும் வேணாம்னு சொல்லு.

மகள்: என்னப்பா இது! வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகப்போறீங்க. ஒரு சாப்பாடு கூடப் போடாம...

அப்பா: எனக்கு யாரும் மாலை போட வேணாம். விட்டுத் தொலை.

மகள்: குடிநீர் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் குழாய் போற பாதையை வரைஞ்சிருக்கீங்க. எந்தச் சந்துல எந்த வால்வுன்னு தூக்கத்துல கேட்டாலும்...

அப்பா: ஐஸ் வைக்காதே.

மகள்: சரி, எரிஞ்சு விழாம காரணத்தையாவது சொல்லுங்க. "ரிட்டயர் வயசு அறுபதை அறுபத்திரெண்டு ஆக்காதே"ன்னு மூணு நாள் வெயில்ல தொண்டை கட்டக் கத்தினது நீங்கதானே? ஜெயிச்சாச்சு இல்ல?

அப்பா: பாதி ஜெயிச்சோம். இஷ்டப்பட்டவங்க மட்டும் ரெண்டு வருஷம் கூட இருக்கலாம்னு முடிச்சுட்டாங்க.

மகள்: அப்புறம் என்ன? இஷ்டமில்லாதவங்க வீட்டுக்கு வரலாம்.

அப்பா: வந்து? வேலை கிடைக்கிற வரைக்கும்னு உனக்குக் குடுத்த உதவித்தொகை இந்த மாசத்தோட நிக்குது. ஒரு வருஷம் தரேன்னவங்க ஆறு மாசத்தோட வெட்டிட்டாங்க.

மகள்: அது... உங்களுக்கு யாரு சொன்னா?

அப்பா: அவங்க அனுப்பின கடிதத்தைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சா? இந்த வீட்டுல உலை வைக்கிறவன் நான்டி!

மகள்: ஐயோ...

அப்பா: பென்ஷனை மிச்சம் பிடிக்கப் பெருசுங்களைப் பிடிச்சு வைப்பாங்க. பெருசு நகரலன்னா சின்னதுங்களுக்கு வேலை ஏது? வேலையில்லாம நிக்கிறதுங்களுக்குக் குடுக்கிற தொகையும் தெண்டச் செலவாம், அதையும் வெட்டுவாங்க. என்ன கணக்கோ, கர்மம்!

மகள்: இதையேதான் மைக்லயும் சொன்னீங்க. கை தட்டினாங்க.

அப்பா: தட்டினாங்க... போன திங்கட்கிழமை நானே போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு.

மகள்: என்னது?

அப்பா: சங்கத்துக்காரங்க மூஞ்சியில முழிக்க முடியல. அதான் சாப்பாடு வேணாங்கிறேன்.

மகள்: திரும்ப வாங்கிடுங்க. இப்பவே போலாம், கிளம்புங்க.

அப்பா: போட்டது போட்டதுதான். அப்படித்தான் விதி.

மகள்: யாரைக் கேட்டுப் போட்டீங்க? ஒரு வார்த்தை... என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை...

அப்பா: உன்கிட்ட என்னத்தைக் கேக்க? வேலைக்குன்னு நாலு பரீட்சை எழுதினே, நாலும் போச்சு. அஞ்சாவதை எழுதவே மாட்டேன்னுட்டே.

மகள்: எழுதினேன். சொல்லல. ஒவ்வொரு தடவையும் தெரு முழுக்கச் சொல்லி வச்சீங்க, அப்புறம் நான் தலை காட்ட முடியல. இந்தத் தடவை உங்க சாப்பாட்டுல, எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு...

அப்பா: பாஸா? அடிக் கழுதை! இப்ப சொல்றியே! எந்த ஆபீஸ்ல போட்டிருக்கான்?

மகள்: குடிநீர் ஆபீஸ், வரைபடப் பிரிவு. ஒரே ஒரு இடம்தானாம். வெள்ளிக்கிழமை அங்க ஒருத்தர் ரிட்டயர் ஆனா, திங்கட்கிழமை என்னை வரச் சொல்லியிருந்தாங்க.