பம்பரம் என்று ஓர் எலி

— மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பேசாதம்மா. உதட்டைப் பார்த்தாத்தானே எனக்குப் புரியும்? எத்தனை வருஷமா சொல்றேன்!

— மறந்துட்டேன் கண்ணு. மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சுக்கிட்டே பேசிட்டேன். டெஸ்ட் எடுத்துரலாம்னுதான் சொன்னேன். வயித்துல குழந்தையைச் சுத்தி இருக்கற தண்ணியில கொஞ்சம் எடுப்பாங்க, அவ்வளவுதான்.

— எடுத்து?

— நான் என்ன சொல்ல வர்றேன்னா, காதுக்குள்ள மயிர் செல்லுன்னு ஒண்ணு இருக்கு. சத்தம் பட்டா அசையறது அதுதான். குழந்தை வயித்துல வளர்றப்ப ஒரு மரபணு முழிச்சுக்கிட்டு, நீ மயிர் செல்லா மாறுன்னு உத்தரவு போடணும். உன்கிட்ட அது முழிக்கவே இல்ல.

— அந்த மயிரு இல்லாமத்தான் நானும் இத்தனை நாள் வாழ்ந்துட்டிருக்கேன்.

— வாயைக் கழுவு! மாப்பிள்ளைக்கும் அதே மரபணு பழுதா இருந்தா...

— பழுதா?

— ஐயோ, ஒவ்வொரு வார்த்தையையும் பிடிச்சுத் தொங்காதடி. முன்கூட்டியே தெரிஞ்சா நல்லதுதானே?

— தெரிஞ்சு என்ன பண்ணுவ? என்னை மாதிரி இன்னொண்ணு வந்துரக் கூடாதுன்னு கலைச்சுருவியா?

— அடிப்பாவி! பெத்தவகிட்டக் கேக்குற கேள்வியா இது? உனக்காகத்தானே இந்த லேப்புல, எலிக்கூண்டு நாத்தத்துல பாதி ஆயுசைத் தொலைச்சேன்!

— எனக்காகவா? எதிர் வீட்டுக்காரியே எனக்காக சைகையில பேசக் கத்துக்கிட்டா. நீ கத்துக்கிட்டியா?

— நேரம் எங்கடி இருந்துச்சு?

— எலிக்கு இருந்துச்சே. அந்தக் கடைசிக் கூண்டுல என்ன எழுதி ஒட்டியிருக்க?

— அது... சும்மா ஒரு அடையாளத்துக்கு.

— வாசிம்மா. என்னைப் பார்த்து வாசி.

— பம்பரம்.

— என் செல்லப் பேரு.

— ஆசையா வச்சேண்டி! அந்த எலிக்கும் காது கேக்காது. நிலை தடுமாறி சுத்திச் சுத்தி வரும். சின்ன வயசுல நீயும் அப்படித்தான் சுத்துவ. பார்த்ததும் உன் ஞாபகம் வந்துருச்சு.

— ஆசையா பேரு வச்சு, அறுத்துப் பார்க்கவும் போற. பம்பரத்தோட குறையைச் சரி பண்ணப் போறோம்னு உலகம் பூரா எழுதி அனுப்புற. எனக்கு என்னம்மா குறை? வேலைக்குப் போறேன், பிடிச்சவனைக் கட்டிக்கிட்டேன், வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். உனக்குத்தான் என்னைப் பார்த்தா ரிப்பேருக்கு வந்த சாமான் மாதிரி தெரியுது.

— அப்படிச் சொல்லாத. பெத்த வயிறு எரியுது.

— எரியட்டும்.

— சரி, விடு. டெஸ்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எப்படிப் பொறந்தாலும் அது என் பேரப்புள்ள. சைகையும் கத்துக்கறேன். போதுமா?

— டெஸ்ட் போன வாரமே எடுத்தாச்சு.

— என்னடி சொல்ற! எங்கிட்ட ஒரு வார்த்தை... சரி, என்ன வந்துச்சு?

— காது கேக்குமாம்.

— அப்பாடா!

— பார்த்தேன். உன் உதடு அசைஞ்சதைப் பார்த்தேன்.

— ஏய், அழாதடி. அம்மா வாய் தவறிச் சொல்லிட்டேன். உன்னை நினைச்சுச் சொல்லல, சத்தியமா.

— உனக்காக அழலம்மா. டாக்டர் சொன்னதும் என் வாயிலயும் அதேதான் வந்துச்சு.