கழுவி வெச்ச சீசா

—கூடையை இறக்கி வெச்சுட்டுப் பேசுங்க மாதையண்ணா. உங்களைத் தேடி சேலத்துலேருந்து மலை மேல கொட்டச்சேடு வரைக்கும் வந்திருக்கேன். அங்க லேப்ல கழுவ ஆளில்லாம கண்ணாடிச் சாமானெல்லாம் குமிஞ்சு கெடக்கு.

—ஏனுங்க மேடம், ஒரு ஆளை அனுப்பியிருந்தா நானே வந்திருப்பனுங்களே. காப்பிப்பழம் பழுத்துப்போச்சு, பறிக்க ஊட்டுல ஆளில்லீங்க. அதான் வரலை.

—நாலு நாளா போனையும் எடுக்கலை.

—தோட்டத்துக்குள்ள சிக்னல் கெடைக்காதுங்க.

—என் போன்ல நல்லாவே காட்டுதே.

—சாரு கோவமா இருக்கறாருங்களா?

—என் மேலதான். கோழிக்குஞ்சு மூளையிலேருந்து நான் எடுத்த செல்லுங்க தட்டு தட்டா செத்துக் கெடக்கு. சிவரஞ்சனிக்குக் கை பக்குவம் பத்தாது, பிரிச்செடுக்கும்போதே கொன்னுட்டான்னு சொல்லிட்டாரு. இந்த மாசத்தோட ஆராய்ச்சியை நிறுத்திக்கணுமாம். உங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசலை.

—உங்க கையையா சொன்னாரு? முட்டை ஓட்டை உடைக்கறதுக்கே மூச்சைப் புடிச்சுக்குவீங்களே. அதுங்க எப்படிங்க செத்துச்சு, பசியிலயா?

—இல்லைண்ணா. சர்க்கரை, உப்பு எல்லாம் தட்டுலயே இருந்துச்சு. சோறு மட்டும் பத்தாது. வளர்ற மூளைச் செல்லுக்குள்ளயே தன்னை அழிச்சுக்கற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. வெளியேருந்து வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம் வந்து அதும் மேல ஒட்டணும். அது வந்துக்கிட்டே இருக்கற வரைக்கும் அந்த ஏற்பாடு அடங்கிக் கெடக்கும். வரலைன்னா செல் தன்னைத்தானே துண்டு துண்டா அறுத்துக்கும்.

—கண்ணுக்கே தெரியாத உசுரு. அதுக்குக் கூட ‘நீ இரு’ன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணுமாங்க?

—ஆமாண்ணா. நாம அம்மா வயித்துல இருந்தப்ப, வேணுங்கறதுக்கு மேலயே மூளைச் செல் உண்டாச்சு. சில எடத்துல பாதிக்குப் பாதி, அந்தப் புரதம் பத்தாம அழிஞ்சுபோச்சு. மிஞ்சுனதை வெச்சுத்தான் இப்ப நாம பேசிக்கிட்டிருக்கோம்.

—மேலெல்லாம் சிலுத்துப்போச்சுங்க. அன்னைக்கு மைக்ராஸ்கோப்புல காட்டுனீங்களே, ஒவ்வொண்ணும் நூலாட்டம் கையை நீட்டி எதையோ தேடுச்சு. கோயில்ல நிக்கற மாதிரி இருந்துச்சுங்க. ஊட்டுல சொன்னா ஒருத்தரும் நம்பலை.

—அந்தப் புரதம் இருந்த சீசாவைப் பத்தித்தான் கேக்க வந்தேன். மேல நான் எழுதினது கரைஞ்சிருக்கு. ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? சொல்லலைன்னாலும் உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஜீப் காத்துக்கிட்டிருக்கு, நான் கெளம்பறேன்.

—நில்லுங்க மேடம். நான்தானுங்க. திங்கக்கெழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி, அடியில ஈரம் மட்டும் தெரிஞ்சுது. காலி சீசான்னு கழுவிட்டனுங்க. அப்பறம் பாத்தா உங்க எழுத்து. நொம்ப பயந்துட்டேன். ரெண்டு சொட்டுத் தண்ணியை விட்டு பிரிட்ஜுல வெச்சுட்டேன். பத்து மணிக்கு நீங்க அதை எடுத்து தட்டுல விடும்போது பக்கத்துலயேதான் நின்னனுங்க. அத்தனை உசுரையும் கொன்னது நான். சாருகிட்ட வந்து சொல்லிடறேன், வேலை போனாப் போகட்டும்.

—கழுவினது பத்து மணிக்கு முன்னாடிதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

—சேர்வராயன் சாமி சத்தியமாங்க. மூணு தடவை அலசினேன். ஒரு பொட்டு கூட மிஞ்சியிருக்காது.

—மாதையண்ணா, ஒரு விஷயத்தை உங்ககிட்ட மறைச்சுட்டேன். முதல்லயே சொல்லியிருந்தா எனக்காகப் பொய் சொல்லியிருப்பீங்க. நாலு தட்டுல செத்தது மூணுதான்.

—இன்னொண்ணு?

—அந்த ஒண்ணுல மட்டும், மூளைக்குள்ள இதுங்களுக்குத் துணையா இருக்கற வேற செல்லுங்களைப் பிரிக்காம விட்டிருந்தேன். அதுக்கும் அதே சீசாத் தண்ணிதான் போச்சு. இன்னைக்குக் காலையிலயும் அத்தனையும் உசுரோட இருக்கு.

—அப்ப அதுங்களுக்கு அந்தப் புரதத்தை யாருங்க குடுத்தாங்க?

—கூட இருந்த செல்லுங்கதான். சார் நம்ப மாட்டேங்கறாரு, சீசாவுல இருந்த புரதத்தாலதான் அது பொழைச்சுதுங்கறாரு. சீசா காலின்னாத்தான் என் கை கொல்லலைன்னும் ஆகும், கூட இருந்ததுங்க காப்பாத்துச்சுன்னும் ஆகும். அதுல அந்தப் புரதமே இல்லைன்னு சொல்ல உலகத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.