சீரியலுக்குள்ள பூந்த என் குரல்

…தப்பு பூரா அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரன் மேலதாம்மா! நீயே சொல்லு. சொல்றவன் ஒறைக்கிற மாதிரி சொல்ல வேண்டாமா? கொஞ்சம் தள்ளி உக்காரு. இன்னும் ரெண்டு பேர் ஏறுனாத்தான் இந்த டிரைவர் வண்டிய எடுப்பான். பிஷ்கெக் போய்ச் சேர பொழுது சாஞ்சிரும். சூரியகாந்தி விதை கொறிக்கிறியா? வேண்டாமா? சரி.

எங்க விட்டேன்? ஆங், சீரியலு. கோடை பூரா நாங்க மலைமேல சோன்-கோல் ஏரிக்கரை மேய்ச்சல்லதான இருப்போம். அங்க குதிரை இருக்கு, ஆடு இருக்கு, சிக்னல் மட்டும் கெடையாது. என் ஓரகத்தி உம்சுனை இருக்காளே, போன வருசம் சோலார் தகடு, டிவின்னு தூக்கிட்டு வந்து என்னா அலட்டல் அலட்டுனா! டிவியில ஒண்ணும் வரல, அது வேற விசயம். வெறும் பொட்டியத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சுக்கிட்டிருந்தா. இந்த வருசம் நான் விடுவேனா? அந்தத் துருக்கி சீரியல் மொத்தத்தையும் பையனோட லேப்டாப்புல ஏத்திக் கொண்டாரேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன்.

கடைக்காரன் என்ன சொன்னான்னா, "அக்கா, இது எறக்க விடாத சைட்டு. நீங்க ஓட விடுங்க, ஸ்கிரீன்ல ஓடறத லேப்டாப்பே பதிஞ்சுக்கும். மைக்க மட்டும் அணைச்சு வெச்சிருங்க." மைக்கா! என்கிட்ட ஏதுப்பா மைக்கு, நான் என்ன கல்யாண வீட்டுப் பாட்டுக்காரியான்னு கேட்டேன். அவன் ஏதோ வெளக்குனான். நான் அப்ப அவன் பொண்டாட்டியப் பத்தி விசாரிச்சுக்கிட்டிருந்தேனா, காதுல விழல. கசகஸ்தான் போனவ திரும்பவே இல்லையாமே… சரி விடு, நமக்கெதுக்கு.

அப்புறம் ஒரு வாரம் அது அடுப்படியில ஓடிக்கிட்டே கெடந்துச்சு. நான் பாட்டுக்கு மாவு பெசைஞ்சேன், போர்சோக் ரொட்டி பொரிச்சேன், பிஷ்கெக்ல இருக்கற என் தங்கச்சியோட போன்ல பேசுனேன். பேசாம எப்படிம்மா வேலை ஓடும்?

மேய்ச்சலுக்குப் போன மொத நாளே எங்க கூடாரத்துல கால் வைக்க எடமில்ல. உம்சுனை, அவ மக சைக்கால், சைக்காலுக்கு நிச்சயம் பண்ணுன மாப்பிள்ளையோட அம்மாக்காரி ராகியா, எல்லாரும் புளிச்ச குதிரைப்பால் குமிஸ் குடிச்சுக்கிட்டு உக்காந்தாச்சு. சைக்கால் காதுல நிச்சயத் தோடு மின்னுது. மலையேறறதுக்கு முந்தின நாள்தான் ராகியா தன் கையால போட்டு விட்டா. படத்துல கதாநாயகி கண்ணீரும் கம்பலையுமா வாயத் தொறக்கறா. தொறந்தா… என் குரலு! "உம்சுனை டிவி வெச்சிருக்கறது படம் பாக்கவாடி? மூஞ்சி பாக்கத்தான்!"

பாஞ்சு போய் அணைச்சேன். விடறாளுகளா? "அணைக்காத கலிச்சா, கதை நல்லாருக்கு"ங்கறாளுக! அடுத்த பாகம் போடு, அடுத்தது போடுன்னு… துருக்கிக்காரிய எவ பாத்தா? யார் பேரு வருதுன்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காளுக. அடுத்தவ பேரு வந்தா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறது, தன் பேரு வந்தா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறது. எந்தப் பாகத்துல எவளப் பேசுனேன்னு எனக்கே ஞாபகமில்ல. ராகியா இருக்காளே, அவதான் எல்லாரையும் விட சத்தமாச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருக்கறப்பத்தான்…

அவ மகன் குடியிருக்கற கட்டடத்துலதான் என் தங்கச்சியும் இருக்கா. தங்கச்சி பேசுனது பதியல. நான் பேசுனது மட்டும் பளிச்சுன்னு கேக்குது. "என்னது, கைக்குழந்தையா? ராகியா மகனா தூக்கிட்டுப் போறான்? அந்தப் பொம்பளையும் கூடவேவா? அவன் சாடையேவா இருக்கு? ஐயோ… சைக்கால் பாவம்டி!"

படத்துல வேற யாருக்கோ கல்யாண மேளம்!

சைக்கால் எந்திரிச்சா. "உண்மையா?"ன்னு ராகியாவக் கேட்டா. ராகியா குமிஸ் கிண்ணத்தையே பாத்துக்கிட்டிருந்தா. சைக்கால் தோட்டக் கழட்டி அந்தக் கிண்ணத்துப் பக்கத்துல வெச்சுட்டு வெளிய போயிட்டா. அப்புறம் உம்சுனை என்னையத் திட்டுன திட்டு ஏரிக்கு அந்தாண்ட கேட்டிருக்கும். பொய்ய மறைச்சவ ராகியா, ஏச்சு வாங்குனவ நான்! என் புருசனும், "கொஞ்ச நாளைக்கு உன் தங்கச்சி வீட்டுலயே இரு"ன்னுட்டாரு. ஒரு பொண்ணோட வாழ்க்கையக் காப்பாத்தியிருக்கேம்மா! எவளாச்சும் நன்றின்னு ஒரு வார்த்தை?

நான் கெளம்பறப்ப சைக்கால் மட்டும் வந்தா. கட்டிப் புடிச்சு அழப் போறான்னு பாத்தேன். "பெரியம்மா, தோடு போட்ட அன்னைக்கு என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. என் கன்னத்துல முத்தம் குடுத்தீங்க. அப்பவே உங்களுக்குத் தெரியும்"னா. ஆமாங்கற மாதிரி தலையாட்டுனேன். "உங்க தங்கச்சியும் நீங்களும் பேசி முடிச்சுட்டீங்க. என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? மொகத்துக்கு நேரா போய்ச் சொன்னா அதுக்குப் பேரு கோள் மூட்டறது! நான் அப்படிப்பட்டவளா? ம்? என்ன மொனகற? நீயா இருந்தா சொல்லியிருப்பியா? அட, சொல்லியிருப்பேங்கற!

எங்க… எங்கம்மா எறங்கற? முன்னாடி வண்டியா? அதுல ஒருத்தர்கூட ஏறல, அது இன்னும் லேட்டாகும். பரவால்லயா? சரி சரி, ஒன் இஷ்டம்.

தம்பி! டிரைவர் தம்பி! பாத்தியா அவள? இவ்ளோ நேரம் பேசுறேன், யாரு எவருன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? தன்னந்தனியா, கண்ணெல்லாம் செவந்து போயி… புருசனோட சண்டை போட்டுட்டு ஓடி வந்தவதான், சத்தியம் பண்ணுவேன். கிட்ட வா, சொல்றேன்.