இடக்கைக்கு இருபது கீ

ஜெகதீசன்: அமுக்கு... இன்னொரு வாட்டி அமுக்கு.

அடைக்கலராஜ்: அமுக்கிக்கினுதாண்டா இருக்கேன். கம்முனு கெடக்குது.

ஜெகதீசன்: இரு, ஒயரு லூசு. இப்ப?

அடைக்கலராஜ்: ஸ... ரி... ஆங், வருது. அப்பாடா, உயிரே போயிடுச்சு.

ஜெகதீசன்: சத்தமே வர்ற அந்த லேப்டாப்ப மட்டும் யாரும் தொடாம பாத்துக்க. திண்டிவனத்துலேருந்து விழுப்புரம் வரைக்கும் கொழந்த மாதிரி மடியில வச்சுக்கினு வந்திருக்கேன்.

அடைக்கலராஜ்: அத வுடு. பொண்ணு வீட்டு ஆளு ஒருத்தரு, ‘இன்னா தம்பி, ரிசப்ஷன்ல உக்காந்து கேம் ஆடப் போறியா?’ன்னு கேட்டுட்டுப் போறாரு.

ஜெகதீசன்: தப்பா ஒண்ணும் கேக்கலியே. கேம் ஆடுற கீபேடுதானே? என் ப்ரவுசிங் சென்டர்ல இத வச்சு எத்தினி பேர சுட்டுத் தள்ளியிருக்கானுங்க தெரியுமா?

அடைக்கலராஜ்: அதான் இந்த ஒரு கீ மட்டும் தேஞ்சு வழவழன்னு இருக்குதா?

ஜெகதீசன்: அது முன்னாடி ஓடுற கீ. அதுலதான் உனக்கு ‘ப’ வச்சிருக்கேன்.

அடைக்கலராஜ்: ஏண்டா... இதுல பாட்டு வாசிக்கலாம்னு உனக்கு எப்படித் தோணுச்சு?

ஜெகதீசன்: இது இடது கைக்குன்னே செஞ்சது. ஆடுறவனுக்கு வலது கை மவுசுல இருக்கும். அதப் பாக்கும்போதெல்லாம் உன்... சரி வுடு. மொதப் பாட்டோட ஆரம்பம் வாசி, கேப்போம்.

அடைக்கலராஜ்: சுரம் பன்னெண்டு கீயில. கார்டு, அதான் கூட்டுச் சுரம், எட்டு கீயில. கட்ட வெரல்ல இந்தக் குச்சிய மேல தள்ளுனா சத்தம் ஏறும்...

ஜெகதீசன்: எனக்கே பாடம் எடுக்குறியா? வாசிடா!

அடைக்கலராஜ்: பயமா இருக்குடா. அறுபத்தோரு கட்டையில வாசிச்சவன். ஸ்டேஜ் ஏறி பத்து மாசமாவுது. கீபோர்டுன்னா மெல்லத் தொட்டா மெல்லப் பேசும். இது எப்படி அமுக்குனாலும் ஒரே மாதிரி கத்துது.

ஜெகதீசன்: அதுக்குத்தானே அந்தக் குச்சி.

அடைக்கலராஜ்: அது பழகிடுச்சு. இந்த சோத்துக் கைதான்... பாக்கெட்டுல சும்மா கெடக்குது. பாட்டு ஆரம்பிச்சா தோள்பட்ட மட்டும் துடிக்குது, நானும் வர்றேன்னு.

ஜெகதீசன்: இரு, இந்த ஒயர இன்னும் கொஞ்சம் இறுக்கிடுறேன்.

அடைக்கலராஜ்: இன்னாடா, மூஞ்சி தொங்கிப் போச்சு?

ஜெகதீசன்: டாக்டரு ஏதாவது சொன்னாரா?

அடைக்கலராஜ்: வெரலு இனிமே அசையாதாம். போன வாரமே சொல்லிட்டாரு. அத வுடு, நல்ல சேதி ஒண்ணு கேளு. மொதப் பாட்டு முடிஞ்சதும் பாண்டுரங்கண்ணன் மைக்ல உன் பேரச் சொல்லப் போறாரு. ட்ரூப் ஓனரே சொல்றாருடா...

ஜெகதீசன்: எதுக்கு?

அடைக்கலராஜ்: ‘கை போனவனுக்குக் கை குடுத்த நண்பர் ஜெகதீசன்’னு...

ஜெகதீசன்: வேணாம்.

அடைக்கலராஜ்: இன்னாடா வெக்கம்? மேல வந்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போ.

ஜெகதீசன்: வேணாண்டா! பேரச் சொன்னா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன்.

அடைக்கலராஜ்: டெய்லி கடையப் பூட்டிட்டு வந்து பழக்கிக் குடுத்தது யாரு? ஆக்சிடென்ட்ல உன் தலையில ஏழு தையலு... அப்பவும் என் கட்டிலாண்டதானே உக்காந்துக்கினு இருந்த?

ஜெகதீசன்: வண்டி ஓட்டுனது நானு.

அடைக்கலராஜ்: நாய் குறுக்க வந்தா நீ இன்னா பண்ணுவ?

ஜெகதீசன்: நாயே வரல.

அடைக்கலராஜ்: டேய், ஸ்டேஜ் ஏறுற நேரத்துல...

ஜெகதீசன்: கூட்டேரிப்பட்டு தாண்டி போன் அடிச்சுது. வண்டிய நிறுத்தாம எடுத்துப் பாத்தேன். அவ்ளோதான் ஞாபகம். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. போலீஸ் கிட்ட நாய்னு பொய் சொன்னேன். உங்க அம்மா கிட்டயும் அதையே சொன்னேன்... அவங்க எனக்குக் கஞ்சி வச்சு எடுத்தாந்தாங்கடா. இந்தக் கீபேட நட்புக்காகக் குடுக்கல. தூக்கம் வராம குடுத்தேன். திட்டுடா... அடி... ஏதாவது பேசேன். பாண்டுரங்கண்ணன் வேற கூப்புடுறாரு...

அடைக்கலராஜ்: நாய் வரலன்னு தெரியும். பின்னாடி உக்காந்துக்கினு வந்தவனுக்குத் தெரியாதா? தலையில அடிபட்டதுல நீ மறந்துட்ட. அன்னிக்கு என் போன்ல சார்ஜ் இல்ல... வாசிக்க சான்ஸ் கேட்டிருந்த சென்னை ஸ்டுடியோக்காரங்களுக்கு உன் நம்பரத்தான் குடுத்திருந்தேன். அது அடிச்சதும் உன் முதுகுல தட்டி, ‘எடு எடு, எனக்குத்தான்’னு கத்துனது நானு. பத்து மாசமா சொல்ல வாய் வரலடா... உன் மனசு ஆறிட்டா, அப்புறம் நீ டெய்லி வர மாட்டியோன்னு.