நீலவேணியின் கடைசிப் பக்கம்

“இந்த வாரம் நீலவேணி செத்துருவாளோன்னு பயமா இருக்கு மதினி.”

திருச்சுழிப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்த இளம்பெண் இவ்வாறு சொன்னபோது, அவள் மடியில் மூன்று வயது மகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

“படக்கதையில கிணத்துல விழுந்தவளுக்கு நீ ஏன்டி நடுங்குற?” என்றாள் பக்கத்திலிருந்த மதினி.

“கல்யாணத்துக்கு முன்னாலருந்து படிக்கிறேன். அவ பேரத்தான இவளுக்கு வச்சேன். ‘அடுத்த வாரம் முடியும்’னு போட்டதுலருந்து இவளக் கிணத்துப் பக்கமே விடல. புத்தகம் இந்தா இருக்கு, பிரிக்கத்தான் பயம். நீங்க பாருங்க.”

அவளது முந்தானை குழந்தையின் மணிக்கட்டில் முடிச்சிடப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

மதினி வார இதழைப் பிரித்து, கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“பொழச்சுட்டா. மாடு கட்டிக் கமலையில தண்ணி எறைக்க வந்தவுக தூக்கிட்டாக. பிள்ளைய அவுத்து விடு.”

இளம்பெண் பெருமூச்சுடன் முடிச்சை அவிழ்த்தாள்.

“குடுங்க மதினி. இத்தன வருசமாச் சேத்துத் தச்சிருக்கேன், இந்தப் பக்கத்தையும் வச்சுத் தச்சிட்டா முடிஞ்சிரும்.”

மதினி அந்தப் பக்கத்தைக் கிழித்து, குழந்தையின் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்து, கசக்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

இளம்பெண் முந்தானையை எடுத்து மீண்டும் முடிச்சிட்டாள்.